வன்னியிலிருந்து எந்த ஊருக்கு? அனுபவமுள்ள தாதியர் இடம் மாற முன் பார்க்க வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

"அக்கா, யாழ்ப்பாணம் நல்லதா, கொழும்பு நல்லதா?" இடமாற்ற விண்ணப்பம் கோரும் காலம் வந்தால் தங்கைமார் இப்படித்தான் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "நீ இப்ப எந்த வாட்டில நிக்கிறாய்? அங்கயும் அதே வேலையைத்தான் செய்யப் போறியா?"

புதிதாக நியமனம் பெற்ற பிள்ளைக்கு எந்த விடுதியும் (வாட்டும்) பழகும் இடம்தான். பத்துப் பதினைந்து வருடம் நின்றவருக்கு அப்படியில்லை. டயாலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு), சத்திரசிகிச்சைத் தியேட்டர், ஐ.சி.யூ., பிரசவ அறை என்று ஒரு துறை அவர் கையில் ஊறியிருக்கும். ஊரை முதலில் தேர்ந்து, அங்கே கிடைக்கும் விடுதியை ஏற்றுக்கொண்டால் அந்த வருடங்கள் வீணாகப் போய்விடலாம். விடுதியை முதலில் தேருங்கள், ஊரை அதற்குப் பிறகு பாருங்கள். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் வருகின்றன.

படி 1: போகும் காரணத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே ஒரு வரி. பிள்ளையின் படிப்பா, கணவரின் வேலையா, பெற்றோரின் சிகிச்சையா, துறையில் மேலே போவதா, கடனா? இரண்டு மூன்று காரணம் இருக்கும்தான். ஆனாலும் முதலாவது எது என்று முடிவெடுங்கள். கடன் அடைப்பதுதான் முதல் காரணம் என்றால் கொழும்பு வாடகை அதற்கு எதிராக வேலை செய்யும். அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சை என்றால் தெல்லிப்பளையும் மகரகமவும்தான் பட்டியலில் முதலில் நிற்கும், உங்கள் விருப்பு வெறுப்பு அதன் பிறகு.

இடத்தோடு சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. ஒரு பொறுப்பாளரோடு ஒத்துவராததால் ஊரையே விட்டுப் போக நினைப்பவர்களைப் பார்க்கிறோம். அதற்கு முதலில் அதே வைத்தியசாலைக்குள் விடுதி மாற்றம் கேளுங்கள். ஒரு ரோஸ்டர் (வேலை நேரப் பட்டியல்) மாறினால் தீரும் பிரச்சினைக்கு ஒரு குடும்பத்தைப் பெயர்க்க வேண்டியதில்லை.

படி 2: உங்கள் துறைக்கு எந்த ஊரில் இடம் இருக்கிறது?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது.

சிறுநீரகப் பிரிவில் நின்றவர்கள்: வன்னிக்கும் வடமத்திய மாகாணத்துக்கும் நாட்பட்ட சிறுநீரக நோய் பெரிய சுமை. வவுனியா, செட்டிகுளம் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உங்கள் அனுபவத்துக்கு வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் தேவை இருக்கிறது. 2021 இல் பொலன்னறுவையில் சீன உதவியோடு தேசிய சிறுநீரகச் சிறப்பு வைத்தியசாலை திறக்கப்பட்டது. மாற்றுச் சத்திரசிகிச்சை நோயாளரோடு வேலை செய்ய விரும்பினால் கண்டி தேசிய வைத்தியசாலையையும் சேர்த்துப் பாருங்கள்.

புற்றுநோய்ப் பராமரிப்பு: வடக்கில் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவு. 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து நிதி திரட்டிக் கட்டியது அது. கிழக்கில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. நாட்டின் மையம் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. மகரகமவில் தமிழ் பேசும் தாதியின் அருமை விடுதிக்குள் நுழைந்தால் தெரியும். முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்து, தனக்கு என்ன மருந்து ஏறுகிறது என்று விளங்காமல் கிடப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

முள்ளந்தண்டுக் காயம், அவயவம் இழந்தோர், புனர்வாழ்வுச் சிகிச்சை: இந்தத் துறையில் வன்னித் தாதியரின் அனுபவம் பெரியது. 2008, 2009 இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இயங்கிய வைத்தியசாலைகளில் நின்றவர்கள் இன்னும் சேவையில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த காயப் பராமரிப்பு பலருக்குப் பாடமாக இருக்க வேண்டியது. மாங்குளத்தில் புனர்வாழ்வுச் சிகிச்சைக்கென வசதி வந்திருக்கிறது. தெற்கே ராகமவிலும் கண்டிக்கு அருகே திகணயிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன. இந்தத் துறையை விரும்புகிறவர் வன்னியை விட்டுப் போகாமலே மேலே போகலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரசவமும் பெண் நோயியலும்: கிளிநொச்சியில் பெண்கள் நலத்துக்கான சிறப்பு நிலையம் அமைந்திருக்கிறது. முழங்காவிலிலோ புதுக்குடியிருப்பிலோ நிற்பவருக்கு அடுத்த படி கிளிநொச்சியாக இருக்கலாம். கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் டி சொய்சாவும் உண்டு.

குழந்தைகள்: பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே, பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலை.

ஐ.சி.யூ., தியேட்டர்: எந்தப் போதனா வைத்தியசாலையிலும் ஆள் தேவைப்படும். இந்த அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கூடுதல்.

பொது மருத்துவ விடுதியில் மட்டும் நின்றிருந்தால் சோர வேண்டாம். இன்னும் ஒரு வருடம் பொறுத்து, இருக்கும் இடத்திலேயே உயர் பராமரிப்புப் பிரிவு, டயாலிசிஸ், அவசர சிகிச்சைப் பிரிவு என்று ஒன்றைக் கேட்டுப் பழகிக்கொண்டு மாறுவது, உடனே மாறுவதைவிட நல்லது.

ஒரு எச்சரிக்கை. இடமாற்றக் கடிதம் வைத்தியசாலையைத்தான் சொல்லும், விடுதியைச் சொல்லாது. விடுதியை அங்குள்ள தாதிய நிர்வாகம் தீர்மானிக்கும். ஆகவே விண்ணப்பத்தோடு உங்கள் சிறப்புப் பயிற்சிச் சான்றிதழ்களையும், எந்தப் பிரிவில் எவ்வளவு காலம் நின்றீர்கள் என்பதற்கான கடிதத்தையும் இணையுங்கள். முடிந்தால் கடிதம் வர முன்னமே அங்குள்ள தாதியருக்குப் பொறுப்பான மேட்ரனைச் சந்தித்துப் பேசுங்கள்.

படி 3: மத்தியா, மாகாணமா?

யாழ்ப்பாணம், அநுராதபுரம், மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைகளும் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகளும் மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளவை. வன்னியின் ஆதார வைத்தியசாலைகளும் பிரதேச வைத்தியசாலைகளும் மாகாணத்தின் கீழ். மாகாணத்துக்குள் மாறுவது ஒரு பாதை, மாகாணத்திலிருந்து மத்திக்கோ வேறு மாகாணத்துக்கோ போவது வேறு பாதை. இரண்டாவதில் கையொப்பங்கள் கூடும், காலமும் கூடும். மல்லாவியிலிருந்து வவுனியாவுக்குக் கேட்பவரும் மல்லாவியிலிருந்து மகரகமவுக்குக் கேட்பவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தாலும் ஒரே நாளில் பெட்டி கட்டப்போவதில்லை.

படி 4: ஊர் ஊராகப் பார்ப்போம்

வவுனியா. வன்னிக்குள்ளேயே ஒரு நகரம் வேண்டும் என்பவருக்கு முதல் தெரிவு. கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியில், மன்னார்ப் பக்கமும் ஹொரவப்பொத்தானைப் பக்கமும் பாதை பிரியும் இடத்தில் இருப்பதால், கணவர் ஓர் ஊரிலும் நீங்கள் ஓர் ஊரிலும் வேலை என்றாலும் குடும்பம் ஒரு வீட்டில் இருக்கலாம். மாவட்டப் பொது வைத்தியசாலைக்குத் தமிழ், முஸ்லிம், சிங்கள நோயாளர் மூவரும் வருவார்கள். சிங்களம் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. 2021 இலிருந்து பல்கலைக்கழகமும் தனியாக இயங்குகிறது.

கிளிநொச்சி. யாழ்ப்பாணத்துக்குச் சுமார் 65 கிலோமீற்றர். பலர் வீட்டைக் கிளிநொச்சியில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வேலை செய்ய நினைக்கிறார்கள். காலை 7 மணிக்கு டியூட்டி ஏற்க வேண்டியவர் 5 மணிக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். மாலை டியூட்டி இரவு 7க்கு முடிந்து, கையளித்து வெளியே வந்து, ஏ9 பஸ் பிடித்து வீடு சேரும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். சில மாதம் தாக்குப் பிடிக்கலாம். வருடக்கணக்கில் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

யாழ்ப்பாணம். வடக்கின் ஒரே போதனா வைத்தியசாலை, மருத்துவ பீடம், தாதியர் கல்லூரி, தாதியியல் பட்டப்படிப்பு எல்லாம் ஒரே நகரில். கற்பித்தலிலோ மேற்படிப்பிலோ விருப்பம் உள்ளவருக்கு இதுதான் இடம். நோயாளர் நெருக்கம் அதிகம், வேலை கடினம். நகருக்குள் வீட்டு வாடகை வெளிநாட்டுப் பணத்தால் ஏறிய வாடகை. நகரைத் தவிர்க்க விரும்புகிறவர் சாவகச்சேரி, பருத்தித்துறை, தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலைகளைப் பாருங்கள். வன்னிக்கு மிகக் கிட்ட இருப்பது சாவகச்சேரி.

அநுராதபுரம். நம்மவர் இதை எண்ணிப் பார்ப்பதே குறைவு, எண்ண வேண்டும். வவுனியாவிலிருந்து 60 கிலோமீற்றருக்குள் ஒரு பெரிய போதனா வைத்தியசாலை இருக்கிறது. சிறுநீரகம், பாம்புக்கடி போன்றவற்றில் அங்கே கிடைக்கும் அனுபவம் பெரியது. சிங்களம் பேச வராவிட்டால் மட்டும் ஆரம்ப மாதங்கள் கடினம்.

மட்டக்களப்பும் திருகோணமலையும். தமிழ்ச் சூழல், கடல், யாழ்ப்பாணத்தை விடச் சற்று ஆறுதலான வாழ்க்கை. ஆனால் முல்லைத்தீவுக்காரர் வரைபடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கரையோரமாகத் திருகோணமலை பக்கத்தில்தான் தெரியும். இடையில் கொக்கிளாய்க் கடல்நீரேரி கிடக்கிறது. பொதுப் போக்குவரத்தில் போகிறவர் வவுனியாவுக்கு வந்து ஹொரவப்பொத்தானை வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

கண்டி. காலநிலை, பாடசாலைகள், பெரிய வைத்தியசாலைகள் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும். தோட்டப்புற நோயாளர் வருவதால் தமிழுக்குத் தேவை உண்டு.

கொழும்பு. துறையில் உச்சிக்குப் போக வேண்டும், பெரிய வைத்தியசாலைகளில் புதிய கருவிகளோடு வேலை செய்ய வேண்டும் என்றால் கொழும்புதான். ஆனால் வெள்ளவத்தையில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகையையும், வீட்டுக்காரர் முன்கூட்டியே கேட்கும் அட்வான்சையும் எண்ணும்போது குடும்பத்தோடு போவது ஒரு சம்பளத்தில் கடினம். வத்தளைப் பக்கம் கொஞ்சம் குறையலாம், பயண நேரம் கூடும். தாதியர் தங்கும் விடுதியில் இடம் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு அறிந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

சிங்களம் பற்றி ஒரு சொல். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் இரண்டாவது அரச மொழியில் தேர்ச்சி பெறவே வேண்டும். அதைப் பதவி உயர்வுக்கான சடங்காகப் பார்க்காமல் ஊரைத் தேரும் சுதந்திரமாகப் பாருங்கள். சிங்களம் தெரிந்த வன்னித் தாதிக்கு இலங்கை முழுவதும் திறந்திருக்கிறது.

படி 5: பணக் கணக்கு

அரச தாதியின் அடிப்படைச் சம்பளம் மாங்குளத்திலும் ஒன்றுதான், மருதானையிலும் ஒன்றுதான். வித்தியாசம் மூன்று இடத்தில் வரும்: மேலதிக நேரம் எவ்வளவு கிடைக்கிறது, வாடகை, பயணம். ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள். இடப்பக்கம் இப்போதைய ஊர், வலப்பக்கம் போக நினைக்கும் ஊர். வாடகை, மின்சாரம், பஸ் காசு, பிள்ளைகளின் வான், ரியூசன், மாதம் எத்தனை தடவை ஊருக்கு வருவீர்கள், அதற்கு எவ்வளவு என்று எழுதுங்கள். வன்னியில் காசு கொடுத்து வாங்காதவற்றையும் சேருங்கள்: வீட்டு முருங்கை, கோழி முட்டை, வயல் அரிசி, பிள்ளையைப் பார்க்கும் அம்மம்மா. நகரத்தில் இவை ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது, அம்மம்மாவின் இடத்துக்கு வைக்கும் ஆளுக்கும் சேர்த்து.

தனியார் வைத்தியசாலை கூடுதலாகத் தருவதாகச் சொன்னால், ஓய்வூதியம் உள்ள பதவியை ராஜினாமா செய்தால் அந்த உரிமையும் போகும் என்பதை முதலில் வையுங்கள். தனியாரில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதமும் செலுத்த வேண்டும். இவை எந்தத் தொகையில் கணிக்கப்படுகின்றன என்று நியமனக் கடிதத்தில் பாருங்கள். அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டினால் பிற்காலத்தில் கையில் வருவது குறையும்.

காணியை மறக்க வேண்டாம். வன்னியில் பல குடும்பங்கள் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகளில். குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டைப் பூட்டி, வளவைக் காடாக விட்டுப் போனால் சிக்கல் வரலாம். போக முன் பிரதேச செயலகத்தில் காணிப் பகுதியோடு பேசி, யார் பராமரிப்பார் என்று குடும்பத்துக்குள் முடிவெடுங்கள்.

படி 6: பிள்ளையின் மாவட்டம்

நகரப் பாடசாலை நல்லது என்று எண்ணி, உயர்தரம் படிக்கும் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் (கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்) அந்தப் 16 இல் உள்ளன, கொழும்பும் கண்டியும் இல்லை. பிள்ளை எந்த மாவட்டத்தவர் என்பது உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் படித்த பாடசாலையை வைத்துப் பார்க்கப்படுகிறது. முல்லைத்தீவில் மருத்துவத்துக்குப் போதுமான இசட் புள்ளி (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) கொழும்பில் போதாமல் போகலாம். சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளை இருந்தால், மாறுவதை இப்போதே செய்வதா, உயர்தரம் முடிந்த பிறகா என்று குடும்பமாக இருந்து பேசுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் இந்தக் கவலை உடனடியாக இல்லை.

படி 7: போய்ப் பாருங்கள், இரவு 7 மணிக்கு

பகலில் போனால் எந்த வைத்தியசாலையும் ஒழுங்காகத்தான் தெரியும். மாலை டியூட்டி முடிந்து நைட் ஏற்கும் நேரத்தில் போய் வாசலில் நில்லுங்கள். வெளியே வரும் தாதியர் எப்படி வீடு போகிறார்கள்? பஸ் இருக்கிறதா, வீதி விளக்கு இருக்கிறதா, யாரும் தனியே நடக்கிறார்களா? பிறகு விடுதியில் நிற்கும் ஒருவரிடம் கேளுங்கள்: நைட்டில் எத்தனை நோயாளருக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள்? கேட்ட லீவு கிடைக்குமா? கடைசியாக இங்கே வந்தவர் இன்னும் இருக்கிறாரா? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லும்.

படி 8: வெளிநாட்டு நகரம் என்றால்

இங்கும் அதே ஒழுங்குதான். எந்த நாட்டின் பதிவு உங்களுக்குக் கைகூடும் என்பதை முதலில் பாருங்கள், நகரம் அதன் பின்.

ஐக்கிய இராச்சியத்தில் தாதியர் மற்றும் மருத்துவிச்சியர் பேரவையின் கணினிப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் எழுத வேண்டும். ஆங்கிலத்துக்கு ஓ.ஈ.ரி. (சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சை) என்றால் கேட்டல், வாசித்தல், பேசுதலில் பி, எழுத்தில் சி பிளஸ், ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்றால் மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. இங்கே பொறுப்புத் தாதியாக இருந்தவரும் அந்நாட்டு அரச சுகாதார சேவையில் பெரும்பாலும் பாண்ட் 5 என்ற ஆரம்பத் தாதியர் சம்பளத் தரத்தில்தான் தொடங்குவார். அதை மனத்தளவில் ஏற்றுக்கொண்டு போங்கள். லண்டன் உட்பகுதியில் 20 வீதம், வெளிப்பகுதியில் 15 வீதம் மேலதிகக் கொடுப்பனவு உண்டு, வாடகை அதை எளிதில் விழுங்கிவிடும். ஈஸ்ட் ஹாம், ஹரோ, ரூட்டிங் பக்கம் சொந்தக்காரர் இருப்பது ஆரம்பத்துக்கு ஆறுதல். ஆனால் சேமிக்கப் போகிறவருக்கு வடக்கே லீட்ஸ், நியூகாசில் போன்ற நகரங்கள் கணக்கில் முந்தும். 2024 முதல் ஐக்கிய இராச்சியத்தில் வெளிநாட்டு ஆட்சேர்ப்புக் குறைந்திருக்கிறது, ஆகவே வேலைக் கடிதம் கையில் வர முன் இங்கே எதையும் விட வேண்டாம்.

கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் பதிவு வேறு. ஸ்காபரோவில் அண்ணன் இருக்கிறார் என்றால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்ராறியோவின் விதிகளை. வளைகுடாவில் துபாய்க்கு ஒரு அதிகாரசபை, அபுதாபிக்கு வேறொன்று. ஒன்றுக்கு எழுதிய பரீட்சை மற்றதற்கு அப்படியே போதும் என்று எண்ணிப் பணம் கட்ட வேண்டாம்.

முகவர்கள் பற்றி: ஐக்கிய இராச்சியத்தில் வேலை தேடித் தருவதற்கு விண்ணப்பதாரரிடம் பணம் வாங்குவது சட்டவிரோதம். அந்த நாட்டு வேலைக்கு யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த நாடானாலும் முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்திலேயே உறுதிசெய்யுங்கள். சம்பளமற்ற விடுமுறையில் போக நினைப்பவர், அன்றைக்கு நடப்பில் உள்ள சுற்றறிக்கையின் பிரதியை நிர்வாகக் கிளையில் வாங்கி வாசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். வேறொருவர் போன வருடம் எப்படிப் போனார் என்பது உங்களுக்குப் பொருந்தாது.

படி 9: விண்ணப்பம், விடுவிப்பு

மூன்று இடம் எழுதச் சொன்னால் மூன்றும் உண்மையில் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். நிரப்புவதற்காக எழுதிய மூன்றாவது இடம் கிடைத்துத் தவிப்பவர்கள் உண்டு. அங்கிருந்து வன்னிக்கு வர விரும்பும் ஒருவரைக் கண்டுபிடித்தால் பரஸ்பர இடமாற்றம் எல்லாவற்றிலும் வேகமானது. சங்கத்திலும் உங்களோடு தாதியர் கல்லூரியில் படித்தவர்களிடமும் விசாரியுங்கள்.

கடிதம் வந்தாலும் பதிலாள் வந்தால்தான் விடுவிப்பு என்று நிறுத்துவது வன்னியில் வழக்கம். அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஒருவர் போனால் அந்த விடுதியில் மிஞ்சியவர்கள்தான் இரட்டை நைட் நிற்கிறார்கள். ஆகவே வீட்டு அட்வான்ஸ், பாடசாலை அனுமதி, கணவரின் வேலை எதையும் இடமாற்றத் திகதியை நம்பிக் கட்ட வேண்டாம், விடுவிப்புக் கடிதத் திகதியை வைத்தே செய்யுங்கள். காத்திருக்கும் மாதங்களில் உங்களுக்குத் தெரிந்த வேலையை அடுத்த தங்கைக்குச் சொல்லிக்கொடுங்கள். டயாலிசிஸ் இயந்திரத்தைத் தனியே கையாளத் தெரிந்த இன்னொருவர் அங்கே இருந்தால் உங்களை விடுவிப்பதும் இலகுவாகும், நோயாளருக்கும் நல்லது.

போகும் நாளில் கையில் இருக்க வேண்டியவை: சேவைச் சான்றிதழ், கடைசிச் சம்பளப் பட்டியல், விடுமுறை விபரம், தாதியர் பேரவைப் பதிவும் அதன் பிரதிகளும், வினைத்திறன் காண் தடைப் பரீட்சைப் பெறுபேறுகள், சிறப்புப் பயிற்சிச் சான்றிதழ்கள். சுயவிபரக் கோவை புதிய இடத்துக்கு அனுப்பப்பட்டதா என்று கேட்டு, அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் வாங்குங்கள். அது வந்து சேராவிட்டால் சம்பள ஏற்றம் நிற்கும். யுத்த காலத்தில் நின்ற சேவைக்கு ஆவணம் இல்லாதவர்கள், அக்காலத்தில் உங்களோடு வேலை செய்த மருத்துவ அதிகாரியிடமிருந்து உறுதிப்படுத்தும் கடிதத்தை வன்னியில் இருக்கும்போதே பெற்றுக்கொள்ளுங்கள்.